வெஸ்டர்ன் பிளாட்டில் ஆக்டின் வருகிறது, என் புரதம் மட்டும் வரவில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு மாறிவிடலாமா?

இரண்டு மாதமாகப் போராடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, வேண்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் அடையாளம் காண்பதுதான் வெஸ்டர்ன் பிளாட். ஆக்டின், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் புரதம்.) "உன் கை சரியில்லை" என்று இதற்குள் வழிகாட்டி சொல்லியிருப்பார். அதை நான்கு மாதம் கேட்டவன் நான்.

என்னுடையது ஹிஸ்டோன் எச்3 என்ற சிறிய புரதம், எடை சுமார் 15 கிலோடால்டன். 15 சதவீத ஜெல், 0.45 மைக்ரான் துளைகள் உள்ள பிவிடிஎஃப் மெம்பரேன், ஜெல்லிலிருந்து மெம்பரேனுக்கு 100 வோல்ட்டில் ஒன்றரை மணி நேரம் டிரான்ஸ்ஃபர். சீனியர்கள் செய்த அதே முறைதான், ஆனால் அவர்களுடைய புரதங்கள் எல்லாம் 60, 70. ஆக்டின் பளிச்சென்று வந்ததால் டிரான்ஸ்ஃபரை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆக்டினின் 42-க்குச் சரியாக இருப்பது 15-க்கும் சரியாக இருக்கும் என்று நம்பி, ஆன்டிபாடியை இரண்டு முறை மாற்றினோம்.

ஒரு நாள் டிரான்ஸ்ஃபர் முடிந்து, ஜெல்லும் மெம்பரேனும் சேர்த்து அடுக்கிய சாண்ட்விச்சைப் பிரிக்கும்போதுதான் கவனித்தேன். மெம்பரேனில், எடை தெரிந்த புரதங்களால் ஆன கலர் மார்க்கரின் மேல் கோடுகள் எல்லாம் இருக்கின்றன, கடைசி இரண்டு, 15-ம் 10-ம், இல்லை. ஜெல்லிலும் இல்லை. அடுத்த முறை மெம்பரேனுக்குப் பின்னால் இன்னொன்றையும் சேர்த்து வைத்தேன். புரதத்தைச் சிவப்பாகக் காட்டும் பான்சோ எஸ் சாயத்தை ஊற்றிக் கழுவியதும், பின்னால் இருந்ததன் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு! புரதம் முதல் மெம்பரேனைத் தாண்டிப் போயிருக்கிறது. 0.2 மைக்ரானுக்கு மாறினேன், நேரத்தை 45 நிமிடமாகக் குறைத்தேன். என் புரதத்தின் பேண்ட் வந்துவிட்டது.

உங்கள் புரதமும் சிறியது என்றுதான் நினைக்கிறேன். பெரியது என்றால் ஜெல்லிலேயே தங்கியிருக்கலாம். டிரான்ஸ்ஃபர் முடிந்த ஜெல்லைக் குமாஸி சாயத்தில் போட்டால் தெரிந்துவிடும்.

மாஸ் ஸ்பெக் தெரியாதவன் பேசுகிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிரிப்சினால் வெட்டிய துண்டுகளை எடைபோட்டு இன்ன புரதம் என்று அது சொல்வதை நேரில் பார்த்திருக்கிறேன். என்ன புரதம் என்றே தெரியாதபோது அதைவிட நல்ல வழி கிடையாது. உங்களுக்கோ புரதம் எது என்று தெரியும், கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக வெளியே அனுப்பி, காசு கட்டி, வரிசையில் காத்திருப்பதற்கு முன்னால் ஒரு மெம்பரேனை மாற்றிப் பார்க்கலாம்.

காசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு மாதமும் எனக்கு ஃபெலோஷிப் வரவில்லை. ஆன்டிபாடி பில்லுக்கு ஒரே வாரத்தில் கையெழுத்தானது. என் ஃபைல் மேசை மேசையாகச் சுற்றியது. மெஸ் பாக்கிக்காக அம்மா வளையலை அடகு வைத்தார். ஆராய்ச்சி மாணவனுக்கும் மாதாமாதம் பசிக்கும் என்று அந்த அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

சரி, பான்சோ போட்ட மெம்பரேனின் படத்தைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். மார்க்கரின் கீழ்க்கோடுகள் தெரிகிற மாதிரி எடுங்கள்.