இரட்டைச் சைக்கிளுக்கு எந்த ரயர்? கேட்டவைக்குப் பதில்

இரண்டுபேர் மிதிக்கிற சைக்கிள், ரண்டெம், இப்போது கிளிநொச்சிப் பக்கமும் ஒன்றிரண்டு கண்ணில் படுகிறது. பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய பழசுகள். பிரேம் நல்லாய் இருக்கும், ரயர் காய்ந்து வெடித்திருக்கும். அதனால்தான் கேள்விகள் எல்லாம் ரயரிலேயே வந்து நிற்கின்றன.

அண்ணை, மாமா அனுப்பிய சைக்கிளில் 700x25 ரயர் இருக்கிறது. ஏ9இல் மட்டும்தான் ஓடுவோம், அது போதும்தானே? மெல்லிசு என்றால் வேகம் என்கிறார்கள். (பரந்தன்)

போதாது தம்பி. கணக்குப் பாருங்கள். நீங்கள் 70 கிலோ, சினேகிதன் 75, சைக்கிள் 20, தண்ணியும் சாமானும் 5 என்று வைத்தால் மொத்தம் 170. ஒரு சில்லுக்கு 85 கிலோ, பின்சில்லுக்கு இன்னும் கொஞ்சம் கூட. தனியாள் ஓடும் சைக்கிளில் ஆளும் சைக்கிளும் சேர்த்து இரண்டு சில்லிலும் இறங்குகிற மொத்தப் பாரமே ஏறத்தாழ அவ்வளவுதான். 25 மில்லிமீற்றர் அகல ரயர் அதைத் தாங்க 120 பி.எஸ்.ஐ.க்கு (காத்தழுத்த அளவு) மேல் அடிக்க வேண்டிவரும், பழைய றிம் அதைத் தாங்குமா என்பது வேறு கதை.

மெல்லிசு வேகம் என்பது கண்ணாடிபோன்ற வீதிக்கு ஓரளவு பொருந்தும். காப்பெட் வீதியிலும் மதகுக்கு மதகு ஒரு தூக்கிப்போடல் இருக்கிறதே, கல்லு மாதிரி இறுகிய ரயர் அங்கே துள்ளும், நீங்கள் மிதித்த பலம் அந்தத் துள்ளலில் போகும். ஒரே காத்தளவில் வைத்துப் பார்த்தால் அகல ரயர்தான் இலகுவாக உருளும்.

அகலம் 32 மில்லிமீற்றருக்குக் கீழே போகவேண்டாம். 35 அல்லது 37 நுழைந்தால் அதையே போடுங்கள். வாங்க முதல் முன் கவட்டையிலும் பின் பிரேமிலும் ரயருக்கு இரண்டு பக்கமும் நாலைந்து மில்லிமீற்றராவது இடைவெளி மிஞ்சுமா என்று அளந்து பாருங்கள். பழைய பிரேம் சிலதில் 32க்கு மேல் ஏறாது.

எத்தனை காத்து அடிக்க வேண்டும்? கடையில் விரலால் அமத்திப் பார்த்துவிட்டு “சரி அக்கா, கொண்டு போங்கோ” என்கிறார்கள். (புதுக்குடியிருப்பு)

விரலை நம்பாதீர்கள் அக்கா, 60க்கும் 90க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. மீற்றர் வைத்த நிலப்பம்ப் ஒன்று வாங்கினால் வீட்டில் எல்லாச் சைக்கிளுக்கும் ஆகும். மேலே சொன்ன 170 கிலோவுக்கு, 32 ரயர் என்றால் 85 முதல் 95 பி.எஸ்.ஐ., 37 என்றால் 70 முதல் 80, 26 அங்குலத்தில் 2.0 அகலம் என்றால் 50 முதல் 60. முன்சில்லுக்கு ஐந்து குறைக்கலாம். ஆனால் ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கிற உச்ச அளவை ஒருபோதும் தாண்டக்கூடாது. கணக்குப்படி அதைத் தாண்டவேண்டி வந்தால் அந்த ரயர் உங்கள் இரண்டு பேருக்கும் காணாது என்று அர்த்தம், அடுத்த அகலத்துக்குப் போங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற கொம்பிரசரில் பிடிக்க விடாதீர்கள். சைக்கிள் ரியூப் சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடிக்கும். உச்ச அளவுக்கு அடித்துவிட்டு உச்சி வெயிலில் நிறுத்தவும் வேண்டாம்.

அளவு சரியா என்பதை ஓடிப் பார்த்தும் அறியலாம். கிடங்கில் விழுந்து காத்துப் போய், ரியூபைக் கழற்றினால் பாம்பு கொத்தினது போல அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளில் பிழை இல்லை. காத்துக் குறைவாக இருந்து றிம் ரியூபை நசித்திருக்கிறது.

மல்லாவிப் பக்கம் கிறவல் ரோட்டும் குளக்கட்டும்தான். விடத்தல் முள்ளுக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வன்னியில் முள் இரண்டு வகைத் தொல்லை தரும். நெருஞ்சி முள் நீளம் குறைந்தது. ரயருக்குள் தடித்த ரப்பர்ப் படை இருந்தால் அதிலேயே நின்றுவிடும். ஸ்வால்பே மரதன் பிளஸ் ரயரில் அந்தப் படை 5 மில்லிமீற்றர் தடிப்பு. நெருஞ்சிக்கு அது போதும். பாரமான ரயர்தான், விலையும் சுள்ளென்று இருக்கும், ஆனால் இரண்டுபேர் பாரத்தோடு நடுக்காட்டில் நின்று ரியூப் கழற்றுவதை நினைத்தால் நான் அந்தக் காசைக் கொடுப்பேன். விடத்தலும் உடையும் வேறு சாதி. முள் ஒரு அங்குலத்துக்கு மேலேயே வரும், எந்தப் படையையும் ஊடுருவும். அதற்கு அகல ரயரோடு ரியூபுக்குள் ஊற்றுகிற அடைப்புப் பால்தான் கைகொடுக்கும். வேலி வெட்டிப் போட்ட ஓரத்தில் ஓடாமல் நடு ரோட்டில் ஓடுவது அதைவிட மலிவு.

பழைய ரியூபை நீளவாக்கில் வெட்டி உள்ளே படையாகப் போடுகிறவர்கள் உண்டு. போடலாம், ஆனால் இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தைச் சீவி மெலிதாக்காவிட்டால் அந்த விளிம்பே ரியூபைத் தேய்த்து ஓட்டை போடும்.

பஞ்சர் ஒட்டியபிறகு பலர் விடுகிற பிழை: முள்ளின் நுனி ரயருக்குள்ளேயே முறிந்து நிற்கும், வெளியில் இருந்து பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியாது. பழந்துணி ஒன்றை உள்பக்கமாகச் சுற்றிலும் இழுங்கள், நூல் கொழுவுகிற இடத்தில் நுனி இருக்கிறது. அந்த இடத்தை வளைத்து, குறட்டால் பிடித்து இழுத்துவிட்டுத்தான் ரியூபை ஏற்ற வேண்டும். விரலால் தடவாதீர்கள்.

26 ரயர் கேட்டு வாங்கினேன், ஏறவே மாட்டேன் என்கிறது. (வட்டக்கச்சி)

26 என்று பல அளவு உண்டு. ரயரின் பக்கத்தில் 47-559 மாதிரி ஒரு இலக்கம் இருக்கும், பின்னால் உள்ள மூன்று இலக்கம்தான் றிமின் அளவு. மலைச் சைக்கிள் 26 என்றால் 559, பழைய 26x1⅜ என்றால் 590. 700 என்பது 622, நம் பெரிய ஆண்கள் சைக்கிளின் 28x1½ என்பது 635. ஒன்றுக்கு ஒன்று ஏறாது. பழைய ரயரைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள்.

எனக்குப் பார்வை இல்லை. தம்பி முன்னுக்கு ஓட்ட, நான் பின்னுக்கு. பின் ரயர் ஏன் இவ்வளவு கெதியாகத் தேய்கிறது? குலுக்கமும் தாங்க முடியவில்லை. (ஒட்டுசுட்டான்)

இரண்டுபேர் மிதிக்கிற பலமும் பின்சில்லால்தான் நிலத்துக்கு இறங்குகிறது, அதனால் தேயத்தான் செய்யும். தேய்ந்ததும் புதியதைப் பின்னுக்குப் போடாதீர்கள். முன்னுக்கு இருப்பதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னுக்குப் போடுங்கள். பின் ரயர் வெடித்தால் சமாளித்து நிறுத்தலாம், முன் ரயர் வெடித்தால் இரண்டு பேரும் நிலத்தில்.

குலுக்கம், உங்கள் இருக்கை பின்சில்லுக்குக் கிட்ட இருப்பதால். கிடங்கு வருவதைப் பார்த்து உடம்பை எழுப்ப உங்களுக்கு வழி இல்லை, தம்பி “கிடங்கு” என்று சொல்லிப் பழக வேண்டும். ரயரை ஒரு அளவு அகலமாக்கி, காத்தைப் பத்துக் குறைத்துப் பாருங்கள். ஸ்பிறிங் வைத்த இருக்கைத் தண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்று கவனியுங்கள் அண்ணை, பின் ரயர் காத்து இறங்கி இளகுவது உங்களுக்குத்தான் முதலில் தெரியும், பின்பக்கம் இலேசாக ஆடும். தெரிந்தவுடன் நிறுத்தச் சொல்லுங்கள்.

மழைக்குப் பட்டன் ரயர் வேணுமோ?

தார் வீதிக்கு வேண்டாம். சைக்கிள் ரயர் ஒடுக்கம், தண்ணிக்கு மேல் மிதந்து வழுக்காது. பட்டன் இரைச்சலும் பாரமும்தான். மார்கழி மழைக்குப்பின் செம்மண் சேற்றில் ஓடுவதென்றால் மட்டும் யோசிக்கலாம், அப்போதும் சேறு பிரேமில் அடைக்காத அளவு இடைவெளி வேண்டும்.

ஹப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் கொண்டுபோக ஆசை. இதே ரயர் போதுமா? (வவுனியா)

ரயர் போதும், பிறேக்தான் கேள்வி. இங்கே குளக்கட்டு ஏறுவதுதான் நமக்கு மலை, அங்கே மணிக்கணக்கில் இறக்கம். றிமைப் பிடிக்கிற பிறேக் என்றால் இரண்டுபேர் பாரத்தில் றிம் சூடேறி ரியூப் வெடிக்கும். டிஸ்க் அல்லது டிரம் பிறேக் இல்லாமல் அந்த இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

தூரம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ரியூப் இரண்டு, ஒட்டுச் சாமான், பம்ப், பழைய ரயரில் வெட்டிய கைநீளத் துண்டு ஒன்று. ரயர் கிழிந்தால் அந்தத் துண்டை உள்ளே வைத்துக் காத்தைக் குறைத்து அடித்து, மெதுவாக அடுத்த கடைவரை வரலாம். மாங்குளம் தாண்டிக் காட்டுக்குள் போவதென்றால் மடிக்கிற ரயர் ஒன்றும் கட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவு அங்குள்ள கடைகளில் இராது.