பந்தை எடுத்து வையுங்கள், டம்ளரைக் கொடுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கால் ஓரளவு தேறி, கம்பு பிடித்து நடக்கிறார். வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குகிறார், விரலை லேசாக விரிக்கிறார், அவ்வளவுதான். தினமும் ரப்பர் பந்தை அழுத்துகிறார். செலவு தாங்காமல் பிசியோதெரபியை நிறுத்திவிட்டோம். ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் உண்டு என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: ஆறு மாதம் என்பது கெடு இல்லை. முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாகும், அவ்வளவுதான். வருடம் கடந்த பிறகும் பயிற்சியால் முன்னேறுகிறவர்கள் இருக்கிறார்கள். விரல் லேசாக விரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். விரல்கள் மடங்குவது பெரும்பாலும் முதலில் வந்துவிடும், பலருக்கு இறுகியும் போகும். கஷ்டம் எல்லாம் விரிப்பதில்தான். அதனால் விரித்துப் பிடித்து விடுகிற வேலையைக் கொடுங்கள். மேஜையில் கால்வாசி தண்ணீரோடு ஒரு சில்வர் டம்ளர். அதை வலது கையால் பிடித்து ஒரு சாண் நகர்த்தி விட வேண்டும், திரும்பக் கொண்டுவர வேண்டும். பத்துத் தடவை போதாது, ஓய்வு விட்டு விட்டு நாள் முழுக்க நூறு தடவையாவது. அப்புறம் துண்டால் மேஜை துடைப்பது, பாத்திர மூடியைத் திறப்பது, சட்டைப் பொத்தான்.

இன்னொன்று, அம்மா ஊட்டிவிடுகிறாரா? பாசத்தில்தான் செய்வார், ஆனால் இடது கையும் அம்மாவுமே எல்லாம் செய்துவிட்டால் மூளை வலது கையை ஒதுக்கிவிடும். அமெரிக்காவில் எக்ஸைட் என்ற ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். 2006-இல் முடிவு வந்தது: ஒரு வருடம் கழித்தும் அவர்களுடைய கை மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்தது. இது உங்கள் அப்பா மாதிரி, மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் பொருந்தும். நீங்களாகவே இடது கையைக் கட்டிவிடாதீர்கள், கம்பு பிடிக்க அந்தக் கைதான் வேண்டும், விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

செலவுக்கு வழி இருக்கிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வருகிறவரிடம் கைப்பயிற்சியைக் கேளுங்கள், தோளையும் காட்டுங்கள். அதுவரை அப்பாவை எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும். இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள்.