ஜின்ஜாவா, தேராவா?

கேள்வி: கோபி பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேனுங்க. ஜப்பானின் பூர்வீக வழிபாடான ஷின்தோவின் கோயிலையும் பௌத்தக் கோயிலையும் படத்தில் காட்டினால், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. எப்படிப் பிரித்துச் சொல்றதுங்க?

பதில்: கூரையைப் பார்த்தால் குழப்பந்தான். வாசலைப் பார்க்கச் சொல்லுங்க. ஷின்தோ கோயில் 'ஜின்ஜா'. அதன் முன்னால் கதவில்லாத 'தோரி' நிற்கும்: இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம். பௌத்தக் கோயில் 'தேரா'. அதற்குக் கூரை போட்ட வாயில். பல இடங்களில் நம் துவாரபாலகர் போல இரு காவலர்கள், ஒருவர் வாய் திறந்து, மற்றவர் வாய் மூடி. தேராவில் புத்தர் சிலையை நேரில் கும்பிடலாம். ஜின்ஜாவிலோ, முகம் பார்க்கும் கண்ணாடி முதலான புனிதப் பொருள் மூடிய அறைக்குள் இருக்கும்.

பனியன் பெட்டி அட்டையில் தோரி செய்ய வையுங்க. தூண்கள் 20 செ.மீ., மேல் சட்டம் 28, கீழ்ச் சட்டம் 22. கீழ்ச் சட்டத்தைப் பசையால் மட்டும் ஒட்டினால் மறுநாளே சாய்ந்துவிடும். தூணில் கீறல் போட்டு நுழைத்துவிடுங்க. எல்லாருமே சிவப்பு அடிப்பார்கள். ஜப்பானின் இசே ஷின்தோ கோயிலில் தோரி வண்ணம் பூசாத வெறும் மரம் என்பதையும் சொல்லுங்க.

அடுத்து, ஜின்ஜாவில் கும்பிடும் முன் கை கழுவும் முறை. வலக்கையில் அகப்பை பிடித்து இடக்கையைக் கழுவி, மாற்றிப் பிடித்து வலக்கையைக் கழுவி, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கையைக் கழுவ வேண்டும். கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் காம்பில் வழிந்து அடுத்தவருக்காகச் சுத்தமாகிவிடும். இவ்வளவும் ஒரே அகப்பை நீரில்; முதல் கையிலேயே பாதியைக் கொட்டிவிடுவார்கள். அகப்பையில் வாய் வைக்கவே கூடாது, அது எல்லோருக்கும் பொது.

ஜின்ஜாவில் பொதுவாக இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி, ஒரு முறை குனிவார்கள். இசுமோ பெருங்கோயிலில் நான்கு தட்டு. தேராவில் தட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். வகுப்பில் செய்து காட்டினால், இது வழிபாடல்ல, அறிந்துகொள்வதற்கு என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்க.

கேள்வி: தோரி இருந்தாலே ஷின்தோதானுங்களா? (பெருந்துறை வாசகர்)

பதில்: இல்லைங்க. இரு வழிபாடும் பல நூற்றாண்டு கலந்தே இருந்தன. 1868-இல்தான் அரசு ஆணையால் பிரித்தார்கள். டொயோகாவா இனாரி பௌத்தக் கோயில்தான், ஆனாலும் தோரி உண்டு. அதனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு கற்பியுங்க.

இதே போன்ற குழப்பம் நம் பக்கமும் உண்டு: உங்கள் ஊர்ப் பிள்ளைகள் விஜயமங்கலம் சமணக் கோயிலின் தீர்த்தங்கரரைப் புத்தர் என்று சொல்லக்கூடும். புத்தருக்கு உடலில் துவராடை இருக்கும், திகம்பரத் தீர்த்தங்கரருக்கு ஆடை இராது, தலைக்கு மேலே பெரும்பாலும் முக்குடை இருக்கும்.