காகிதப்பூ ஏன் பூக்க மாட்டேன் என்கிறது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒருவர்: அண்ணா, நர்சரியில் வாங்கும்போது செடி முழுக்கப் பூ. வீட்டுக்கு வந்து 4 மாதம் ஆகிறது, வெறும் இலைதான். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அந்தத் ‘தவறாமல்’தான் தம்பி வினை. காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். நம் ஊர் மேம்பாலங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, நாள் முழுக்க வெயில், வேர் ஓட இடமில்லாத குறுகிய தொட்டி, இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை அது. மேல் மண் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது, அடியில் வழியும் அளவுக்கு ஒரே முறை நன்றாக ஊற்றுங்கள், அப்புறம் மறுபடி துவளும் வரை தொட்டியைத் தொடாதீர்கள். ஒரேயடியாகக் காயப்போட்டாலும் இலையெல்லாம் கொட்டிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வருடம் முழுக்கப் பெய்யும் ஊரில், சாரல் படாத தாழ்வாரம் ஒரு விதத்தில் வரம், தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது.

பிடோக் அக்கா: எங்கள் வாசலில் காலை 8 முதல் 10 வரைதான் வெயில். போதுமா?

போதாது அக்கா. நேர் வெயில் 5, 6 மணி நேரமாவது வேண்டும். மனதைத் தேற்றிக்கொண்டு அந்த இடத்தில் வெற்றிலைக் கொடி வையுங்கள்.

மீன் கழுவிய தண்ணீர் ஊற்றலாமா?

பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வேண்டுமென்றால் ஊற்றலாம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் பெருகும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள பூச்செடி உரம், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதி போதும்.

எப்போது வெட்டுவது?

ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும். புதுத் துளிரில்தான் அடுத்த பூ வரும், அதனால் தயங்காமல் வெட்டுங்கள், ஆனால் முள் பொல்லாதது, தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத்தாள் உண்மையில் ஒருவகை இலை. நடுவில் குச்சி மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, பூ அதுதான்.

பெரிய தொட்டிக்கு மாற்றட்டுமா?

அவசரப்படாதீர்கள். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது பூக்கும், தவிர வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். மாற்றியே தீரவேண்டுமென்றால் மண்கட்டி உடையாமல் அப்படியே தூக்கி வையுங்கள். நான் ஒருமுறை சுத்தமாகச் செய்கிறேன் பேர்வழி என்று வேரைக் கழுவி நட்டேன், பத்தே நாளில் செடி போயிற்று. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். வேரும் அழுகும், கொசுவும் முட்டையிடும்.