வர்க்கலை குன்றுல இருக்கது லாவாவா?

அண்ணா,
பாறசாலைலேர்ந்து எழுதுறேன். போன வாரம் குடும்பத்தோட கேரளாவுல கடலோரத்துல இருக்க வர்க்கலை போனோம். கிளிஃப் மேல கல்லு முழுக்க ஓட்டை. லாவா ஆறும்போது கேஸ் வெளியேறினா இப்படித்தான் ஆகும்னு ஒரு வீடியோல பாத்தேன். ஒரு எடத்துல அடுக்கு அரை ஆள் உயரத்துக்குக் கீழ எறங்கிக் கெடந்துச்சு, அது ஃபால்ட் (பாறை ஒடஞ்சு நகர்ந்த பிளவு) தானே? அப்போ முட்டத்துக் கறுப்புப் பாறையும் எரிமலைதானா?

தம்பி,
மூணும் இல்ல. ஆனா நல்லா உத்துப் பாத்துட்டுதான் கேட்டிருக்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன்.

மேல இருக்கது நம்ம ஊர்ல வீடு கட்ட அறுத்து எடுக்காங்களே அதே வெட்டுக்கல்லு, லேட்டரைட். மழையும் வெயிலும் மாறி மாறி அடிச்சு சிலிக்கா எல்லாம் கரைஞ்சு தண்ணியோட போயிரும், இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகிரும், நடுவுல இருந்த களிமண்ணு உதிர்ந்த எடம்தான் நீ பாத்த ஓட்டை. ஒரு துண்ட ஒடச்சுப் பாரு, ஓட்டை எல்லாம் புழு அரிச்ச மாதிரி வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேரும், உள்ள மஞ்சளாவோ வெள்ளையாவோ களி ஒட்டியிருக்கும். லாவால குமிழி பெரும்பாலும் தனித்தனியா உருண்டையா இருக்கும், இல்லன்னா குழம்பு ஓடுன பக்கமா நீண்டிருக்கும். லேட்டரைட்டுங்கற பேர 1807-ல புக்கானன் எழுதினதே மலப்புறம் அங்காடிப்புரத்துக் கல்லப் பாத்துட்டுத்தான்.

அந்த எறங்கின அடுக்குதான் முக்கியமான விஷயம். வர்க்கலைல வெட்டுக்கல்லுக்குக் கீழ மணற்கல்லு, களிமண்ணு, நடுவுல கறுப்பா லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. மழத்தண்ணி மணல் வழியா எறங்கும், களிய தாண்ட முடியாது, அதான் குன்றோட சைடுல ஊத்தா கசியுது. அந்தக் களி நனைஞ்சு வழுக்கினா மேல உள்ளதெல்லாம் மொத்தமா சரியும். நீ பாத்தது பெரும்பாலும் அந்தச் சரிவா இருக்கும். ஃபால்ட்டுன்னா வெட்டு குன்றோட நிக்காம அடிப்பாறைக்குள்ளயும் போகணும், ரெண்டு பக்கமும் உரசுன கோடு கூட சிலப்போ கெடைக்கும். சரிவோட வெட்டு வளைஞ்சு வந்து களில முடிஞ்சிரும். வெறும் விரிசல் மட்டும் இருந்து ரெண்டு பக்கமும் நகரலன்னா அது ரெண்டுமே இல்ல, ஜாயிண்ட்டு. (எதுவா இருந்தாலும் அடில போய் நின்னு செல்ஃபி எடுக்காத, மழைக்காலத்துல சொல்லவே வேண்டாம்.)

முட்டம், கன்னியாகுமரி பக்கம் உள்ளது பூமிக்கு ரொம்ப ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறின சார்னோகைட்டு, நைஸ் (gneiss) அப்படிங்கற பாறைங்க. ஏறக்குறைய 55 கோடி வருஷம் முன்னாடி நடந்த சமாச்சாரம். பாறைல செவப்பு செவப்பா பொடிப்பொடியா நிக்கும் பாரு, அது கார்னெட்டுங்கற கனிமம். அது உதிர்ந்துதான் கடக்கரை மணலும் சில எடத்துல செவப்பா கெடக்கு.

நிஜமாவே எரிமலைக் கல்லு பாக்கணும்னா உடுப்பி போ, மல்பேலேர்ந்து படகுல செயின்ட் மேரிஸ் தீவு. சுமார் 8.8 கோடி வருஷம் முன்னாடி மடகாஸ்கர் நம்ம கரைய விட்டு பிரியுற சமயத்துல வந்த குழம்பு. ஆறும்போது சுருங்கி வெடிச்சு அஞ்சு பக்கம், ஆறு பக்கம்னு தூண் தூணா நிக்கு. அந்த வெடிப்பு எல்லாம் ஜாயிண்ட்டுதான், ஃபால்ட் இல்ல. மழைக்காலத்துல படகு விடமாட்டாங்க, டிசம்பர் பக்கமா போ. போட்டோ எடுத்தா கல்லுக்குப் பக்கத்துல ஒரு பேனா வச்சு எடு, இப்ப நீ அனுப்புன போட்டோல எது எவ்வளவு பெருசுன்னே தெரியல.