நியூட்டன் முறை ஏன் அருகிலுள்ள மூலத்துக்குப் போவதில்லை?

ஹட்டனில் இணைந்த கணிதம் படிக்கும் நீங்கள் கேட்டது: கனம் 1 ஆகும் சிக்கலெண்கள் மூன்று; ஓர் ஊகத்தில் தொடங்கி, தொடுகோட்டின் வழியே படிப்படியாக மூலத்தை (தீர்வை) நெருங்கும் நியூட்டன் முறை, எங்கே தொடங்கினாலும் மிக அருகிலுள்ள மூலத்தையே அடைய வேண்டாமா?

உங்கள் ஊரில் ஹட்டன் பக்கம் பெய்யும் மழை களனி கங்கைக்கும், தலவாக்கலைப் பக்கம் பெய்வது மகாவலிக்கும் போகிறது. நடுவே ஒரு மலைமுகடு. வர்க்கச் சமன்பாட்டுக்கு நியூட்டன் முறையும் இப்படித்தான்: ஒரு மூலத்துக்குப் போய்ச்சேரும் தொடக்கப் புள்ளிகள் எல்லாம் அதன் வடிநிலம், இரு வடிநிலங்களின் எல்லை ஒரு நேர்கோடு. 1879இல் கணிதவியலாளர் கேய்லி அதைக் காட்டினார். கனச் சமன்பாட்டில் திணறினார்.

காரணம் பூச்சியம். அங்கே சார்பின் சரிவு மறைவதால் அடுத்த படி வெகுதூரம் எறியப்படுகிறது. பூச்சியத்தைச் சுற்றிய சிறு வட்டம் தொலைவெங்கும் சிதறி மூன்று வடிநிலங்களையும் தொடும். பூச்சியத்தில் வந்துவிழும் ஒவ்வொரு புள்ளியருகிலும் அதே சிதறலின் நகல். அந்தப் புள்ளிகளுக்கு முடிவே இல்லை. எல்லையின் எந்தப் புள்ளியும் மூன்று வடிநிலங்களையும் ஒருங்கே தொடுகிறது. எத்தனை அழகு!

கிரெபோகி, மெக்டொனால்ட், ஒட், யோர்க் ஆகியோர் 1983இல் இத்தகைய எல்லைகளின் விளைவை அளந்தார்கள். எல்லை சாதாரண வளைகோடானால், தொடக்கப் புள்ளியை அளப்பதிலுள்ள பிழையைப் பாதியாக்கினால், எந்த வடிநிலம் என்ற கணிப்பு தவறும் வாய்ப்பும் பாதியாகும். தளத்தில் எல்லையின் பரிமாணம் (சாதாரண வளைகோட்டுக்கு 1, முழுத் தளத்துக்கு 2) 1.9 ஆனால், அதே பலனுக்குப் பிழையை 1024 மடங்கு குறைக்க வேண்டும்.