ஆட்டுக் கட்டியைக் கீறலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (செங்கலடி வாசகர்): எங்கள் ஆடுகளில் நான்குக்குக் காதுக்குக் கீழேயும் முன்சப்பைக்கு முன்னாலும் தேசிக்காய் அளவில் கட்டி. ஒன்று கொட்டிலுக்குள்ளேயே உடைந்து, பச்சை கலந்த வெள்ளைச் சலம் தடிப்பாக வந்தது, நாற்றமில்லை. ஐந்து நாள் பெனிசிலின் ஊசி போட்டும் மற்றவை வற்றவில்லை. வீட்டிலேயே கீறி விடலாமா?

பதில்: கட்டி வந்த இடமும் சலத்தின் தன்மையும் கொரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் என்ற பக்டீரியாவைத்தான் காட்டுகின்றன. உறுதிசெய்ய, உடையாத கட்டியிலிருந்து எடுத்த சலத்தைக் கால்நடை வைத்தியர் மூலம் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். கிருமி சூரை முள்ளோ முட்கம்பியோ கிழித்த கீறலால் நுழைந்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுவில் குடியேறும். கட்டி வெளியே தெரிய இரண்டு முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே இன்று தெரியும் கட்டிக்குக் காரணத்தைப் போன வாரத்தில் தேட வேண்டாம்.

ஊசி ஏன் பலிக்கவில்லை? ஆய்வுகூடத் தட்டில் பெனிசிலினுக்கு இந்தக் கிருமி சாகும். ஆட்டின் உடலில் அது தடித்த சுவருக்குள், அதிலும் வெள்ளையணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. இன்னும் ஐந்து நாள் போட்டாலும் காசுதான் நட்டம்.

கீறுவதற்கு முன் பிடித்துப் பாருங்கள். தாடைக்கு அடியில் இரு பக்கமும் மெத்தென்று வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மாலையில் கூடிக் காலையில் குறைந்தால் அது கட்டியல்ல. குடற்புழு இரத்தத்தை உறிஞ்சியதால் வரும் நீர்வீக்கம். கீழ் இமையை விரித்தால் வெளிறியிருக்கும். அதற்குப் புழு மருந்துதான் வேண்டும், கத்தியல்ல. கட்டி கல்லுப்போல இருந்தாலும் கை வைக்காதீர்கள். நடுவில் மெத்தென்றாகி, மேல் மயிர் உதிர்ந்து, தோல் மெலியும்வரை பொறுத்திருங்கள். காதுக்குக் கீழுள்ள கட்டியைக் கால்நடை வைத்தியரே கீறட்டும்: முகத்து நரம்பும் கழுத்துப் பெரிய நாளமும் அங்கேதான் ஓடுகின்றன.

முன்சப்பைக் கட்டியை வைத்தியர் காட்டித்தந்தபின் நீங்களே கீறலாம். கொட்டிலுக்குள் வேண்டாம். தூரத்தில் பொலித்தீன் விரித்து அதன் மேல் ஆட்டைப் பிடியுங்கள். கையுறை கட்டாயம். மயிரை மழித்து, பொவிடோன் அயோடின் தடவி, முதலில் தடித்த ஊசியால் குத்தி இழுத்துப் பாருங்கள். இரத்தம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். சலம் வந்தால் கட்டியின் அடிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக 2–3 சென்டிமீற்றர் கீறுங்கள். உச்சியில் கீறினால் சலம் கீழே தேங்கி, வாய் மூடியபின் திரும்பவும் கட்டும். பஞ்சால் பிதுக்கி எடுத்து நேரே பைக்குள் போடுங்கள். பிறகு 10 வீத பொவிடோன் அயோடின் ஒரு பங்குக்கு ஆறிய கொதிநீர் ஒன்பது பங்கு கலந்து, ஊசி கழற்றிய 20 மில்லிலீற்றர் சிரிஞ்சால் உள்ளே பீச்சிக் கழுவுங்கள். தினமும் இதைச் செய்யுங்கள். காயத்தின் ஓரத்தில் வேப்பெண்ணெய் பூசினால் இலையான் அண்டாது. ஃபோர்மலின் ஏற்றச் சொல்வோரும் உண்டு. பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் ஆட்டில் அந்த வேலையே வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். கட்டி உடைந்து நிலத்தில் வடிந்த சலத்தில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பஞ்சு, கையுறை, பொலித்தீன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் ஊற்றி எரியுங்கள். வாவியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். காயம் முற்றாக மூடும்வரை, அதாவது மூன்று நான்கு கிழமை, அந்த ஆடு தனியாக நிற்கட்டும். உங்கள் ஆடு ஏற்கெனவே கொட்டிலில் வடித்துவிட்டதால், அந்த இடத்துப் புழுக்கையையும் மேல்மண்ணையும் வாரிய பிறகே குளோரின் தெளியுங்கள். சாணத்தின் மேல் ஊற்றும் குளோரின் வீண். காதுத்தோடு குத்துவதும் ஊசி போடுவதும் குட்டிகளில் தொடங்கி, கட்டி வந்த ஆடுகளில் முடியட்டும். அடிக்கடி கட்டி வருவதையும் வெளியே கட்டியில்லாமலே மெலிந்து இருமுவதையும் மந்தையில் வைத்திருக்காதீர்கள். நுரையீரலிலும் கட்டி இருக்கலாம்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): உழ்ஹிய்யாவுக்கு (ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு) அறுத்த ஆட்டின் தொடைப் பக்கம் இப்படியொரு சலக்கட்டி கிடந்தால் இறைச்சியைப் பங்கிடலாமா?

பதில்: மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுடையது, சுகாதாரப் பக்கத்தை மட்டும் சொல்கிறோம். ஒரேயொரு கணுவென்றால் உடைக்காமல் சுற்றுத் தசையோடு வெட்டியெடுத்துப் புதையுங்கள். மிச்சத்தை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். நுரையீரலிலும் வேறு கணுக்களிலும் இருந்தாலோ, உடம்பு மெலிந்திருந்தாலோ முழுவதையும் ஒதுக்க வேண்டும். சந்தேகமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கத்தி தவறுதலாகக் கட்டியில் பட்டுவிட்டால், கொதிநீரில் போட்டெடுக்காமல் அடுத்த துண்டை வெட்டாதீர்கள்.

கேள்வி (திருக்கோவில் வாசகி): ஆட்டுக் கட்டிக் கிருமியும் தொண்டைக் கரப்பான் (டிப்தீரியா) கிருமியும் ஒரே இனம் என்கிறார்கள். ஆட்டோடு விளையாடும் பேரப்பிள்ளைக்கு அது தொற்றுமா?

பதில்: இரண்டும் கொரினிபாக்டீரியம்தான், ஆனால் வேறு வேறு வகை. ஆட்டுக் கிருமி மனிதருக்கு வருவது அரிது. வந்தால் நிணநீர்க் கணு வீங்கும். சலத்தைத் தொடாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் பால் கொடுக்காதீர்கள். மாடு, நாய், பூனையில் இருக்கும் அல்சரன்ஸ் என்ற மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. அதில் சில தொண்டைக் கரப்பான் நஞ்சையே உண்டாக்கும், பச்சைப் பாலாலும் பரவும். பொங்கக் காய்ச்சிய பாலுக்கு அந்தப் பயமில்லை.

பேரப்பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தொண்டைக் கரப்பானுக்கான தடுப்பு இவற்றில்தான் இருக்கிறது: 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி, 18 மாதத்தில் முத்தடுப்பு, 5 வயதில் இருதடுப்பு, 12 வயதில் பாடசாலையில் ஒன்று. விடுபட்டிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் படலம் ஒட்டி, கழுத்தும் வீங்கினால் உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். நஞ்சுமுறி மருந்து தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். நஞ்சு இதயத்தைப் பிடிக்கும்.

கேள்வி (கல்முனை வாசகர்): மாரியில் வயல் வேலை. தொடையிடுக்கில் மண்ணிறப் படை; சொறி இல்லை. பாமசியில் தந்த கிறீமால் நிறம் குறைந்து, விட்டதும் திரும்புகிறது.

பதில்: பூஞ்சைப் படையின் விளிம்பு தடித்து, அரிக்கும். உங்களுடையது சமமாகப் பரவி, மெல்லச் செதில் விட்டால் மினுட்டிசிமம் என்ற கொரினிபாக்டீரியமாக இருக்கலாம். தோல் வைத்தியர் இருட்டறையில் புறஊதா விளக்கடித்தால் பவளச் சிவப்பாக ஒளிரும். குளித்துவிட்டுப் போனால் ஒளிராமல் ஏமாற்றும். கிளின்டமைசின் போன்ற பூச்சுகளுக்கு அடங்கும். உங்கள் கிறீமில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறதா என்று பெட்டியைப் பாருங்கள். இருந்தால் பூசுவதை நிறுத்தி, அந்தப் பெட்டியையும் வைத்தியரிடம் கொண்டு போங்கள். நனைந்த சாரத்தோடு இருக்காதீர்கள்.